நீலக்கல் உடையாத நாள்

ஜெர்மனியில், டார்ம்ஸ்டாட் நகரில் நான் வேலை பார்த்த அறைக்கு ஜன்னல் கிடையாது. கண்ணுக்குத் தெரியாத புற ஊதா லேசரால் நீலக்கல் தகடுகளைக் கடிகாரக் கண்ணாடிக்காக வட்டம் வட்டமாக வெட்டுவது என் வேலை. பெயர்தான் நீலக்கல்; செயற்கையாக வளர்த்த அந்தக் கல் பச்சைத் தண்ணீர் மாதிரி நிறமே இல்லாமல் இருக்கும். கொஞ்சம் அவசரப்பட்டுச் சூடேற்றிவிட்டால் போதும், வெட்டி முடித்துக் கையில் எடுக்கும்போது டிக்கென்று விரிசல் விடும்.

லேசரை ஒரே கோட்டில் மெல்ல மெல்லப் பலமுறை ஓட்டினால் உடையாது. அந்தப் பக்குவம் எனக்குக் கைவந்தது, அதுவே வினையாகவும் போனது. மனைவி பான் நகரில் ஆராய்ச்சி மாணவி. அங்கே எங்கள் கம்பெனிக்கு ஒரு கிளை இருந்தது. மாற்றல் கேட்கும்போதெல்லாம் முதலாளி, "உன்னைப் போல வெட்ட இன்னொருவர் வரட்டும், மறுநாளே போகலாம்" என்பார். வேலையை உதறிவிட்டுப் போகவும் வழியில்லை. என் விசா அந்தக் கம்பெனிக்கு மட்டும்தான் செல்லும். சிரித்துக்கொண்டே கதவைச் சாத்துகிற மனுஷன் அவர்.

சரி என்று நானே ஆள் பிடித்தேன். வெட்டிய கற்களைச் சோதிக்கும் பிரிவில் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் இருந்தார். அவருக்கு மாதக்கணக்கில் சொல்லிக்கொடுத்தேன். அவர் உடைத்த ஒவ்வொரு தகட்டுக்கும் நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

"அந்தரப்படாதேங்கோ தம்பி. உங்கட அந்தரம் கல்லுக்கும் தெரியுது" என்பார். அந்தரம் என்றால் அவர் ஊர்ப் பேச்சில் பதற்றம்.

ஒருநாள் முதலாளி முன்னால் அக்கா ஒரு முழுத் தகட்டை வெட்டினார். ஒவ்வொரு வட்டமாக அவர் எடுக்க எடுக்க நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒன்றுகூட உடையவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

முதலாளி எங்கள் இருவரின் தோளிலும் தட்டினார். "அருமை! இப்போது இரண்டு பேர் ஆகிவிட்டீர்கள். இன்றைக்கே இன்னொரு மெஷினுக்குச் சொல்லிவிடுகிறேன்."

"அப்படியானால் பான்?" என்றேன்.

"இந்த நேரத்திலா?" என்று சிரித்துவிட்டுப் போனார்.

அக்கா கையுறையைக் கழற்றி மேசையில் எறிந்தார். "நான் உடைச்சாலும் உங்களுக்குப் போக ஏலாது, உடைக்காட்டியும் ஏலாது. என்ன மனுசனப்பா இவர்!"

மாலையில் மனைவி போன் செய்தாள். "அக்கா வெட்டினது உடைஞ்சுதா?"

"இல்ல, முழுசா வந்துடுச்சு."

அவள் சந்தோஷத்தில் கத்தியே விட்டாள். என் சட்டைகளுக்காக அலமாரியில் பாதியைக் காலி செய்து வைத்திருக்கிறாளாம். மேல்தட்டு வேணுமா, கீழ்த்தட்டு வேணுமா என்று கேட்டாள்.

"கீழ்த்தட்டு" என்றேன்.