அந்தோணியார் திருநாளும் சிட்டுவின் ஈத்தும்

ஊருக்கு வந்த மறுநாள் காலையில் மெல்லிசான பருத்திச் சுடிதாரோடு முல்லையாற்றங்கரையில் நின்றுகொண்டிருந்தேன். போகிறவர் வருகிறவர் எல்லாரும் குரங்குக் குல்லாயும் கம்பளியுமாகப் போனார்கள். காதில் பஞ்சு வைத்திருந்த ஒரு பெரியவர் சைக்கிளை நிறுத்தி, "ஏத்தா, குளிரலையா ஒனக்கு? ஒரு சொட்டர எடுத்து மாட்டுனா என்ன?" என்று கேட்டார். இதெல்லாம் ஒரு குளிரா என்று வாய் வரைக்கும் வந்தது. வெளிநாட்டுக்குப் போய்விட்டு வந்து சீன் போடுகிறாள் என்பார்களே என்று முழுங்கிக்கொண்டேன். அயர்லாந்திலோ ஜூன் மாத வெயிலுக்கு ஊரே சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புல்வெளியில் கிடக்கும், நான் மட்டும் சுவெட்டரோடு திரிவேன். ஆக எந்த ஊரிலும் எனக்குச் சரியான உடுப்பு வாய்ப்பதில்லை.

என்னைப் போலவே பிழைக்கப் போனவர்கள் இதை வாசித்தால், குளிர்காலம் என்றதும் பனிப்பொம்மையை நினைத்துவிடாதீர்கள். நான் வேலை பார்க்கிற மாட்டுப் பண்ணைப் பக்கம் பனி குறைவு. மழைதான், சாய்ந்து சாய்ந்து அடிக்கிற மழை. நவம்பரில் மாடுகளைக் கொட்டகைக்குள் ஏற்றினால் வசந்தம் வரும்வரை அவை புல்லை மிதிப்பதில்லை. மதியம் சாப்பிட்டு நிமிர்ந்தால் இருட்டத் தொடங்கிவிடும். ஜனவரியில் எல்லா மாடும் பால் வற்றிச் சினையாக நிற்கும். அதனால்தான் எனக்கு அந்த மாதம் லீவு கிடைக்கிறது. பிப்ரவரி பிறந்தால் ராப்பகல் பார்க்காமல் கன்று விழும். விழுந்த கன்றைத் தாய் முகர்ந்து பார்ப்பதற்குள் தூக்கிக்கொண்டு போய் வேறு கொட்டகையில் வைக்கோல் மேல் போட வேண்டும். இது என் வேலை. போன புதிதில் தாய்மாடு கத்துவதைக் கேட்டு அழுதுவிட்டேன். பண்ணைக்காரர் பேட்ரிக் என்னை மாடு உதைத்துவிட்டது என்று நினைத்து ஓடிப் போய் ஒரு நாற்காலி கொண்டுவந்தார். "எந்தக் கால்?" என்று கேட்டுக் குனிந்து பார்த்தார். "மாடு கத்துகிறது" என்றேன். அவர் என் முகத்தையும் மாட்டையும் மாறி மாறிப் பார்த்தார். "பழகுவதற்கு முன்னால் பிரித்தால் ரெண்டுக்கும் நல்லது" என்று மெதுவாகச் சொன்னார். நல்ல மனுஷர்தான். அடுத்த வருஷமே நான் அழுவதை நிறுத்திவிட்டேன்.

என் வேலை என்னவென்று அம்மாவுக்குத் தெரியும். ஆனால் ஊருக்கு அவள் சொல்லி வைத்திருப்பது வேறு. "எம்மக பால் கம்பெனியில ஆபீசரு." கோயிலில், கம்பத்துச் சந்தையில், டவுன் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரியிடம்கூட அதே பாட்டுத்தான். நானும் திருத்தவில்லை. திருத்தினால் சாணி அள்ளுகிறவள் என்று ஆரம்பிக்க வேண்டியிருக்கும்.

அம்மாவிடம் சிட்டு என்று ஒரு ஜெர்சி கலப்புப் பசு. அப்பா போன பிறகு அம்மா பேசுவது பாதி அதனோடுதான். போன ஈத்தில் கன்று செத்தே பிறந்தது. "இந்த ஈத்தும் தவறுச்சுன்னா வித்துருவேன், சும்மா நிக்கிற மாட்டுக்குத் தீவனம் போட ஆகாது" என்று சூசை அண்ணன் கறாராகச் சொல்லியிருந்தான். திராட்சை இரண்டு வருஷமாகக் கையைக் கடிக்கிறது, அவனையும் குறை சொல்ல முடியாது. அம்மா சிட்டுவுக்குப் பருத்திக்கொட்டை அரைத்து ஊற்றுவதை இரண்டு வேளை என்பதிலிருந்து மூன்று வேளையாக்கினாள்.

எங்களுடையது வேதக்காரர் ஊர், எல்லாரும் கிறிஸ்தவர்கள். பொங்கல் முடிந்த கையோடு வனத்து அந்தோணியார் திருநாள் வரும். ஊர் மாடு ஆடு எல்லாவற்றையும் குளிப்பாட்டிக் கோயில் முன்னால் கொண்டுபோய் நிறுத்துவார்கள், சாமியார் தீர்த்தம் தெளிப்பார். அன்றைக்குக் காலையில்தான் நான் ஆற்றில் நின்றேன். அண்ணனும் நானும் அவனுடைய உழவு மாடுகள் இரண்டையும் இடுப்பளவுத் தண்ணீரில் வைக்கோலால் தேய்த்தோம். மேகமலை மேல் மஞ்சு இறங்கிக் கிடந்தது. தண்ணீர் கழுவக் கழுவ மாட்டு முதுகிலிருந்து ஆவி எழும்பியது. ஒரு கொக்கு எங்களைச் சட்டை செய்யாமல் பக்கத்திலேயே மீன் பார்த்துக்கொண்டு நின்றது. எத்தனையோ வருஷம் கழித்து யாரும் அவசரப்படுத்தாத ஒரு காலை. சந்தோஷமாக இருந்தேன், அதை வேறு எப்படிச் சொல்ல.

கொம்புக்குப் பெயிண்ட் அடித்து முடிக்கும்போது தோட்டத்திலிருந்து அம்மாவின் சத்தம் கேட்டது. ஓடினோம். திராட்சைப் பந்தலுக்கு இந்தப் பக்கம் தென்னை மரத்தடியில் சிட்டு படுத்துக் கிடந்தது. பனிக்குடம் உடைந்து ரொம்ப நேரமாகிவிட்டது. வெளியே ஒரே ஒரு குளம்பும் மூக்கும்தான் தெரிந்தன. இன்னொரு கால் உள்ளே மடங்கிக் கிடக்கிறது என்று பார்த்ததும் புரிந்துவிட்டது. "டாக்டரு போடிக்குப் போயிருக்காக, வர மத்தியானமாகுமாம்" என்று அண்ணன் போனை மடியில் சொருகினான். கோயிலுக்கு மாட்டை ஓட்டிக்கொண்டு போனவர்கள் வரப்பில் கூடிவிட்டார்கள். ஆளாளுக்கு ஒரு யோசனை. அம்மா சிட்டுவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

"சோப்பும் கடலெண்ணெயும் கொண்டாங்க" என்றேன். கையைத் தோள் வரைக்கும் தேய்த்துக் கழுவினேன். தரையில் பக்கவாட்டில் படுத்து, கையை உள்ளே விட்டேன். மாடு முக்கும்போது கை நசுங்கும். அது மூச்சு விடுகிற நேரம் பார்த்துக் கன்றின் தலையை உள்ளே தள்ளி, மடங்கிய காலைத் தேட வேண்டும். குளம்பை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு மேலே திருப்பினேன். வந்தது. அப்புறம் கயிறு போட்டு, அண்ணனும் நானும் அது முக்கும்போதெல்லாம் கீழ்நோக்கி இழுத்தோம். பொத்தென்று விழுந்தது. மூக்கில் ஒரு வைக்கோலை விட்டுக் குடைந்தேன். தும்மியது. கிடேரி, பெண் கன்று.

வரப்பில் நின்றவர்களில் ஒருத்தி, "ஏ மதினி, ஒம்மக ஆபீசருன்ன?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அம்மா அசரவில்லை. "ஆபீசருதேன். இந்தா, கைய விட்டு வேல பாக்குற ஆபீசரு. ஒங்கவீட்டு ஆபீசரு யாராச்சும் இத செஞ்சிருவாகளா?" என்றாள். அழுதுகொண்டே சொன்னாள்.

நான் அப்போது அங்கே நிற்கவில்லை. கன்றை நெஞ்சோடு தூக்கிக்கொண்டு மோட்டார் ரூமைப் பார்த்து நடந்துகொண்டிருந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், ஒன்றும் யோசிக்கவில்லை. கால் தானாகப் போனது. பின்னால் சிட்டு எழுந்து கத்தியது. அந்தக் கத்தல் எனக்குப் பழகின கத்தல், அதனால் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஏ புள்ள, எங்கன தூக்கிட்டுப் போறவ?" என்று அண்ணன் கத்தினான்.

நின்றேன். சிரிப்பெல்லாம் நின்றுபோய், வரப்பில் இருந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். "வெயிலுக்கு ஒதுக்கமா அங்கன போடப் போனியாத்தா?" என்று அம்மாதான் கேட்டாள். எனக்காக அவளே ஒரு காரணம் கண்டுபிடித்துக் கொடுத்தாள். மலை மறைத்து இன்னும் வெயிலே ஏறவில்லை. தலையை ஆட்டிவிட்டுத் திரும்பி வந்து கன்றைச் சிட்டுவின் முன்னால் இறக்கினேன். வெட்கம் பிடுங்கித் தின்றது.

சிட்டு கன்றை நக்கத் தொடங்கியது. முகம், காது, முதுகு என்று ஒரு இடம் விடவில்லை. கூட்டம் மெல்லக் கோயிலுக்குக் கலைந்தது. விற்கிற பேச்சை அண்ணன் அதற்குப் பிறகு எடுக்கவில்லை. கன்றைப் பிடித்தபடியே நான் அங்கே குத்தவைத்து உட்கார்ந்திருந்தேன். கன்றை முடித்துவிட்டுச் சிட்டு என் கைக்கு வந்தது. விரலிலிருந்து தோள் வரைக்கும் கன்றின் ஈரம்தானே, அதற்கு என்ன வித்தியாசம் தெரியும். நாக்கு உப்புக்காகிதம் மாதிரி தோலைப் பிறாண்டியது. அண்ணன் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து, "கையக் கழுவு" என்றான். "செத்த இருடா, அது முடிக்கட்டும்" என்றாள் அம்மா.

அடுத்த வாரம் எனக்கு விமானம். பேட்ரிக்கின் மாடுகள் ஈனத் தொடங்கிவிடும். ஆறு குளிர்காலமாக அங்கே கணக்கில்லாத கன்றுகளை இழுத்துப் போட்டிருக்கிறேன். அந்தப் பகலுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன், அம்மாவுக்கா அந்தோணியாருக்கா சிட்டுவுக்கா என்று இன்னும் தெரியவில்லை. அங்கே ஒரு மாடுகூட என் கையை நக்கியதில்லை. நக்குகிற அளவுக்கு நான் எந்த மாட்டின் முன்னாலும் நின்றதில்லை.