ஷார்ஜா ரூமின் ஊஃபர்

வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்கள் ஊரை நினைத்து ஏங்குவார்கள் என்று நம் ஆட்களுக்கு ஓர் அசைக்க முடியாத நம்பிக்கை. பழவேற்காட்டு அப்துல் லத்தீப் அந்த நம்பிக்கைக்குக் கடைசிவரை ஒத்துழைக்கவில்லை. ஷார்ஜாவில் எலக்ட்ரீஷியனாக இருந்த காலத்தில் ஏரியையும் இறாலையும் நினைத்து அவர் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதாகத் தகவல் இல்லை. ஊர் திரும்பிய பிறகுதான் ஏக்கம் ஆரம்பித்தது, ஷார்ஜாவுக்காக. அதுவும் அங்குள்ள கண்ணாடிக் கட்டடங்களுக்காக என்றால் நாலு பேரிடம் கௌரவமாகச் சொல்லிக்கொள்ளலாம். அவர் ஏங்கியது தொழிலாளர் முகாமில் இருந்த ஒரு தகர ரூமுக்காக. மூட்டைப்பூச்சியும் அடுக்குக் கட்டிலும் நிறைந்த அந்த ரூமைப் பற்றி அவர் பேசினால், கேட்பவர்கள் ஏதோ அரண்மனை என்று நினைத்துவிடுவார்கள்.

அந்த ரூமில் ஓர் ஊஃபர் இருந்தது. யாரோ கைவிட்ட காரிலிருந்து கழற்றிய பெரிய ஸ்பீக்கர், கிடைத்த பலகையில் ஒரு பெட்டி. வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து, சாப்பாடும் முடிந்து, எல்லோரும் கட்டிலில் சாய்ந்த பிறகு அதில் பழைய சினிமாப் பாட்டு ஓடும். எந்தப் பாட்டு என்று தீர்மானிக்கும் அதிகாரம் லோகநாதனுடையது. யாரும் கொடுத்த அதிகாரம் இல்லை, அவராக எடுத்துக்கொண்டது. பசியாவரத்து மீனவர் வீட்டுப் பிள்ளை. முகாமின் ஜெனரேட்டரைப் பார்த்துக்கொள்ளும் வேலை. ஒரே ஏரியின் இரண்டு பக்கத்தில் வளர்ந்தும் ஒருவரையொருவர் பார்த்திராத இந்த இருவரும், கடல் தாண்டிப் போய், மேல்கட்டிலும் கீழ்க்கட்டிலுமாகச் சிநேகிதம் ஆனார்கள்.

ஊர் திரும்பும்போது லத்தீப் அத்தர் கொண்டுவந்தார். லோகநாதன் ஜெனரேட்டரின் இரைச்சலைக் கொண்டுவந்தார், காதுக்குள்ளேயே. மிச்சமிருந்த காதைப் படகு இன்ஜின் பார்த்துக்கொண்டது. இப்போது அவருக்குப் பேச்சு கிட்டத்தட்டக் கேட்பதே இல்லை. பொன்னேரியில் வாங்கிய காது மெஷின் காற்றடித்தால் விசில் அடிக்கிறது. ஏரிக்கரையில் காற்றடிக்காத நேரம் ஏது? மெஷின் அரிசி டப்பாவுக்குள் போய்விட்டது. வலைக்குப் போவதைக் குறைத்து, படகுகளுக்கு ஃபைபர் ஒட்டுப்போடும் வேலையில் லோகநாதன் இறங்கினார். அதில் யாரோடும் பேச வேண்டியதில்லை. கல்யாணம் காட்சிக்கு வருவதில்லை. லத்தீப் வீட்டுப் பக்கம் வருவதும் நின்றது. கேட்டால், "வேல கீது பாய்" என்பார். கேட்ட கேள்வி அவருக்கு விளங்கியதா என்பது வேறு விஷயம்.

லத்தீப் இதைப் பற்றி யாரிடமும் புலம்பவில்லை. ஒரு நாள் சோற்றைப் பிசைந்துகொண்டே, "ஊஃபர் செய்யப்போறேன்" என்றார்.

"எதுக்கு?" என்றார் மனைவி சுராயா.

"இந்த வூட்ல எல்லாம் இருக்கு. அடிதான் இல்ல."

"கேட்டா குடுக்க மாட்டேனா?"

லத்தீப் சிரிக்கவில்லை. "லோகுவுக்குப் பேச்சுதான் கேக்காது. அந்த அடி கேக்கும். அத்த நாங்க காதுலயா கேட்டோம்? நெஞ்சுல இல்ல கேட்டோம். ஒரு பாட்டு, முழுசா, அவனோட ஒக்காந்து கேக்கணும். அவ்ளோதான்."

சுராயா அதற்குமேல் கேலி செய்யவில்லை. தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தார்.

ஸ்பீக்கர் சுலபமாகக் கிடைத்தது. பெட்டிக்கு லோகநாதன் இருக்கிறார். பாக்கி இருந்தது பிளேட் ஆம்ப்ளிஃபயர். பெட்டியின் முதுகில் ஒரு தகடாகப் பதிந்துகொண்டு, குமிழ்களை வெளியேயும் குடலை உள்ளேயும் வைத்திருக்கும் ஜாதி. அதைத் தேடிப் பொன்னேரியில் ரயிலேறி, சென்னையில் எலக்ட்ரானிக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போனார் லத்தீப்.

கடைக்காரப் பையன் முதலில் காட்டிய ஆம்ப்ளிஃபயரில் நீல விளக்கு, சிவப்பு விளக்கு, மாறி மாறிக் கண்ணடிக்கும் பச்சை விளக்கு எல்லாம் இருந்தன. அட்டையில் போட்டிருந்த வாட்ஸ் உண்மையாக இருந்தால் பழவேற்காடு முழுக்கத் தெருவிளக்கு எரிக்கலாம். லத்தீப் அதைக் கையில் வாங்கி மேலும் கீழும் அசைத்தார்.

"இன்னா தம்பி, அப்பளம் மாதிரி கீது?"

"லேட்டஸ்ட் சார். வெயிட்டே இருக்காது."

"சத்தமும் அப்படித்தானா?"

பையன் அடுத்ததை எடுத்தான். கறுப்பாக, அழுமூஞ்சியாக, ஒரு விளக்கும் இல்லாமல் இருந்தது. கொடுவா மீன் வாங்குகிறவர் செவுளைத் தூக்கிப் பார்ப்பதுபோல் லத்தீப் தகட்டைத் திருப்பி உள்ளே பார்த்தார். செம்புக்கம்பி சுற்றிய டிரான்ஸ்ஃபார்மர் தடியாக, வட்டமாக உட்கார்ந்திருந்தது. தூக்கினால் தோள் இறங்கியது. லத்தீப்பின் முகம் மலர்ந்தது. தன் ஸ்பீக்கர் நாலு ஓம். அதை இது தாங்குமா என்று கேட்டு நிச்சயப்படுத்திக்கொண்டு, சோதனைக்கு ஒரு ஸ்பீக்கரில் மாட்டச் சொல்லி, அதில் காதை வைத்துக் கண்ணை மூடினார்.

"சார், இன்னும் பாட்டே போடல."

"தெரியும். போடாதப்ப கத்துதான்னு பாக்கறேன். சும்மா இருக்கும்போது சும்மா இருக்கத் தெரியணும்."

இந்தத் தகுதியை நம் ஊரில் வேறு எந்தப் பதவிக்கும் யாரும் கேட்பதில்லை. ஆம்ப்ளிஃபயர் அதில் தேறியது. குமிழைத் திருகிப் பார்த்தார், கரகரப்பு இல்லை. பிறகு பாட்டைப் போடச் சொல்லி, சத்தத்தை ஏற்றி, ஜுரம் பார்ப்பதுபோல் தகட்டின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். பையன் டீ வாங்கி வந்து குடித்தும் முடித்தான். கை சுடவில்லை.

"இந்த ஸ்க்ரூவெல்லாம் துருப்பிடிக்குமா?"

"எந்த ஊர் சார் நீங்க?"

"பழவேற்காடு."

"அப்ப எல்லாமே பிடிக்கும் சார்."

இவ்வளவு நேர்மையான பதிலை லத்தீப் எந்தக் கடையிலும் கேட்டதில்லை. வாங்கிக்கொண்டார்.

பெட்டி எப்படி இருக்க வேண்டும் என்று ஓர் அட்டையில் வரைந்து பசியாவரத்துக்கு, லோகநாதனிடம் கொடுத்தனுப்பினார். முன்னால் ஸ்பீக்கருக்கு வட்டமாக ஓர் ஓட்டை, பின்னால் ஆம்ப்ளிஃபயர் தகட்டுக்குச் சதுரமாக ஒன்று, கீழே காற்று வந்துபோகச் சின்னதாக இன்னொன்று. அந்தச் சின்ன ஓட்டையில்தான் தாழ்ந்த சத்தம் மூச்சு விடும். யாருக்காக இந்த ஊஃபர் என்பதை மட்டும் சொல்லவில்லை.

பெட்டி தயாரானதும் லத்தீப் நேரில் போனார். ஃபைபரில் வார்த்து, வழவழவென்று தேய்த்து, கடல்நீலத்தில் பெயின்ட் அடித்து, இறக்கிவிட்டால் மிதக்கும் என்கிற மாதிரி நின்றது பெட்டி. லத்தீப் சுற்றிச் சுற்றி வந்தார். முன் ஓட்டை இருந்தது. பின் ஓட்டை இருந்தது. மூன்றாவது இருந்த அடையாளமே இல்லை.

"லோகு, கீழ் ஓட்ட எங்கடா?"

லோகநாதன் அவர் உதட்டையும் விரலையும் பார்த்துப் புரிந்துகொண்டார். "அடச்சிட்டேன் பாய். நீ தப்பா வரஞ்சிட்ட போல. ரெண்டு கோட் போட்டுக்கீறேன். ஒரு சொட்டுத் தண்ணி போவாது."

"தண்ணி ஏன்டா போவப்போவுது? காத்து வரணும்டா!" கன்னத்தை உப்பி ஊதிக் காட்டினார் லத்தீப்.

"காத்து வந்தா தண்ணியும் வரும் பாய்."

ஷார்ஜாவில் கற்ற எலக்ட்ரிகல் அறிவு இங்கே செல்லுபடியாகவில்லை. வாழ்நாளில் ஓட்டையோடு எதையும் கைமாற்றிக் கொடுத்திராத மனிதர் லோகநாதன். லத்தீப் கட்டிங் மெஷினை எடுத்து அந்த இடத்தில் வைத்தபோது, குழந்தைக்குக் காது குத்துவதைப் பார்க்க முடியாத தகப்பன் மாதிரி ஏரிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பெட்டியோடு படகில் திரும்பும்போது, கூடையும் கையுமாக ஏறிய மீன்கார ஜமுனா அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"இன்னா பாய், புது ஐஸ் பொட்டியா?"

"ஊஃபர்மா. பாட்டு கேக்கறது."

"மீன் வெக்க முடியாதா?"

"முடியாது."

"அப்புறம் எதுக்கு இத்தாம் பெருசு?"

வீட்டில் எல்லாவற்றையும் பூட்டி, கனத்த சத்தம் மட்டும் வரும்படி குமிழைத் தாழ்த்தி வைத்து, ஃபோனிலிருந்து பாட்டைப் போட்டார் லத்தீப். அடுப்படியில் எவர்சில்வர் தட்டுகள் தாங்களாகவே நகரத் தொடங்கின. அலமாரிக் கண்ணாடி பல்லைக் கடித்தது. பக்கத்து வீட்டுப் பூனை அன்றோடு இந்த வீட்டு உறவை முறித்துக்கொண்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை லோகநாதனையும் அவர் மனைவி கஸ்தூரியம்மாளையும் சாப்பிட அழைத்தார். லோகநாதன் வழக்கம்போல வேலை இருக்கிறது என்று சொல்லிப் பார்த்தார். கஸ்தூரியம்மாள் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிவந்தார். நடுக்கூடத்தில், ஊஃபருக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். லத்தீப் பாட்டைப் போட்டார். அந்தப் பழைய வெள்ளிக்கிழமைப் பாட்டு.

லோகநாதன் தலையாட்டினார். முகத்தில் சிரிப்பு. "சூப்பர் பாய்!"

லத்தீப் கண்ணை மூடி அந்த ரூமுக்குப் போய்விட்டார். ஜன்னலில் காயும் லுங்கிகள், யாரோ கரண்டியில் கிண்டும் சுலைமானி டீயின் வாசனை, மேல்கட்டிலிலிருந்து தொங்கித் தாளம் போடும் லோகுவின் கால். பாட்டு முடிந்தது. கண்ணைத் திறந்தார்.

லோகநாதன் இன்னும் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

வீட்டில் ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. அவர் மட்டும் சிரித்த முகமாக, இல்லாத பாட்டுக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தார். கஸ்தூரியம்மாள் மெதுவாக அவர் கையைத் தொட்டார். தலை நின்றது. எல்லோருடைய முகத்தையும் ஒரு முறை பார்த்தார். "நல்லா கீது பாய்" என்றார். பிரியாணியை நிமிராமல் சாப்பிட்டார். சீக்கிரமே கிளம்பிவிட்டார்.

லத்தீப் ஊஃபரின் மேல் ஒரு பழைய பெட்ஷீட்டைப் போர்த்தினார். அதன் பிறகு அவர் ஷார்ஜாவைப் பற்றிப் பேசவில்லை. சுராயாவுக்கு இந்த மாற்றம் ஆரம்பத்தில் வரப்பிரசாதமாக இருந்தது. பிறகு தாங்க முடியவில்லை.

"ஏங்க, ஊருக்கு வர்ற சமயத்துலயே அவருக்குக் காது மந்தம்தானே? கூப்பிட்டா திரும்ப மாட்டான்னு சொல்வீங்க. அப்ப அந்த ரூம்ல மட்டும் பாட்டு எப்படிக் கேட்டுச்சாம்?"

லத்தீப் குனிந்து தன் காலடியைப் பார்த்தார். அந்தத் தகர ரூம் இரும்புக் காலில் நின்றது. அதன் தரை வெறும் பலகை. ஊஃபர் அடித்தால் பலகை அடிக்கும், பலகை அடித்தால் கட்டில் அடிக்கும், கட்டில் அடித்தால் அதில் படுத்தவன் எலும்பு அடிக்கும். இங்கே? வியாபாரம் கொழித்த காலத்தில் முன்னோர் கட்டிய வீடு. பீரங்கிக்கு அஞ்சாத சுவர். அதன் கீழே, அவரே ஷார்ஜா காசில் போட்ட சிமென்ட் தளம், டைல்ஸ்.

"நம்ம வூடு ரொம்ப உறுதியா இருக்கு சுராயா" என்றார் வெறுப்புடன்.

"அது ஒரு குத்தமா?"

மறுநாள் ஊஃபர் மறுபடி ஏரியைக் கடந்தது. பசியாவரத்தில் லோகநாதன் வீட்டுக்கு எதிரே, ஒட்டுப்போட வந்த ஃபைபர் படகு ஒன்று மணலில் கட்டைகளின் மேல் நின்றிருந்தது. லத்தீப் யாரையும் கேட்காமல் பெட்டியைத் தூக்கி அதற்குள் வைத்தார். கஸ்தூரியம்மாள் ஜன்னல் வழியாக ஒயரை இழுத்துக் கொடுத்தார். போட்டதும் ஊஃபர் மாடு மாதிரி ஒரே ஸ்வரத்தில் முனகியது. லத்தீப் பிளக்கைப் பிடுங்கி எர்த் கம்பியைச் சுரண்டி, திரும்ப மாட்டினார். முனகல் நின்றது.

லோகநாதன் கையில் பிசின் டப்பாவோடு வந்தார். பார்த்ததும் முகம் சுருங்கியது.

"இன்னா பாய் இது? வாணாம், எட்த்துனு போ. எனுக்கு ஒன்னியும் கேக்கல. அன்னிக்குப் பொய் சொன்னேன். போதுமா?"

லத்தீப் படகின் குறுக்குப் பலகையைத் தட்டினார். "குந்து."

"சொன்னா புரியாதா ஒனுக்கு?"

"குந்துடா."

கேட்காவிட்டாலும் அது விளங்கியது. லோகநாதன் படகுக்குள் இறங்கி, முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தார். லத்தீப் எதிரே உட்கார்ந்து, பாட்டைப் போட்டு, குமிழைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார். படகின் அடியில் கிடந்த ஃபைபர் தூள் மெல்ல எழுந்து குதித்தது.

லோகநாதன் விருட்டென்று எழுந்தார். பக்கவாட்டில் எட்டி, படகுக்கு அடியில் குனிந்து பார்த்தார். "எவன்டா அது தட்றது?"

யாரும் இல்லை. நிமிர்ந்து லத்தீப்பைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். மெதுவாக உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு பாதங்களையும் படகின் வயிற்றில் பதித்தார். கையைப் பலகையில் வைத்தார். கொஞ்ச நேரத்தில் விரல்கள் தட்ட ஆரம்பித்தன.

லத்தீப் இந்த முறை கண்ணை மூடவில்லை. அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டின் நடுவே தாளம் ஓய்ந்து, வயலின் மட்டும் தனியாக வரும் இடம் ஒன்று உண்டு. அங்கே விரல்கள் நின்றன. வயலின் தன்பாட்டுக்கு அழுதுகொண்டிருந்தது. விரல்கள் பலகைக்கு மேலே, தூக்கியபடியே காத்திருந்தன. தபேலா திரும்ப விழுந்தபோது, அதோடு சேர்ந்து அவையும் விழுந்தன.

"பாய்" என்றார் லோகநாதன், தலையைத் தூக்காமல்.

"இன்னாடா?"

"கொஞ்சம் கொறச்சி வையி. முட்டி நோவுது."

குமிழ் பெட்டிக்குப் பின்பக்கம் இருந்தது. லத்தீப் அதைத் திருகக் குனிந்தார். குனிந்தவர் நிமிராமல், சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

வாசலில் நின்ற கஸ்தூரியம்மாள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் குரல் கொடுத்தார். "இன்னாண்ணா, இம்மா நேரம்? குமிழு கழண்டுகிச்சா?"