பன்னிரண்டாம் நாள் நிறுத்திய மாத்திரை

எங்கள் நாயின் வயிற்றில் முதலில் தெரிந்தவை நாலைந்து சிவந்த பருக்கள். கொசுக்கடி என்று தீர்ப்பளித்துவிட்டேன். அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கோப்பின் அட்டையைப் பார்த்தே அது எந்த விதியின் கீழ் வரும் என்று சொல்லிவிடுவேன்.

ஒரே வாரத்தில் பருக்கள் சீழ் கட்டி உடைந்தன. அவை இருந்த இடங்களில் ஓரம் தோலுரிந்த வட்டங்கள் நின்றன. முதுகில் குட்டை முடி அங்கங்கே உதிர்ந்து, பூச்சி அரித்த கம்பளி மாதிரி ஆனது. பக்கத்தில் போனால் ஊறப்போட்டு மறந்த துணியின் வாடை.

மகள் தலைப்பிரசவத்துக்கு வர இரண்டரை மாதம் இருந்தது. மனைவி நாயைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"மக வர்றதுக்குள்ள இது சரியாகணும். இல்லன்னா எங்கண்ணனை வரச் சொல்லி எழுமலையில அவரு தோட்டத்துக்கு ஏத்தி விட்டுருவேன். பச்சப்புள்ள இருக்கப்போற வீடு இது."

இடி இடித்தால் என் நாற்காலிக்கு அடியில் நுழைகிற நாய் அது. அதைத் தோட்டக் காவலுக்கு அனுப்பினால் தோட்டம்தான் அதைக் காக்க வேண்டும். ஓய்வுக்குப் பிறகு பகலில் நான் பேசுவதை எழுந்து போகாமல் கேட்கிற ஒரே ஜீவனும் அதுதான். இதை நான் வெளியே சொல்லவில்லை.

பக்கத்து வீட்டுக்காரர் லாரி பட்டறை வைத்திருந்தவர். மதில்மேல் சாய்ந்து வைத்தியம் சொன்னார்.

"இது சொறிண்ணே. வண்டியில கழட்டுன பழைய ஆயிலைக் கை நெறைய எடுத்துப் பூசி விடுங்க. மூணே நாளு."

"நக்கிருமே?"

"நக்குனா உள்ளயும் குணமாகும்லண்ணே!"

என்ஜினுக்கே ஆகாது என்று கழற்றியது நாய்க்கு எப்படி ஆகும் என்று கேட்டேன். அவர் வருத்தத்தோடு மதிலை விட்டு விலகிப் போனார்.

கால்நடை மருத்துவமனையில் எனக்கு முன்னால் ஓர் ஆடு, ஒரு கன்றுக்குட்டி. டாக்டரம்மா சின்னப் பெண்தான். தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்து, சொறிப்பூச்சி இல்லை என்றார். பிறகு உடைந்த பருவில் கண்ணாடித் துண்டை ஒற்றி, நீலச் சாயம் ஏற்றி, என்னையும் பார்க்கச் சொன்னார். கடுகை இறைத்தாற்போல் குட்டிக் குட்டி உருண்டைகள்.

"பாக்டீரியா சார். மருந்துக் குளியல் வாரம் ரெண்டு தடவை, நுரையோட பத்து நிமிஷம் நிக்கணும். மாத்திரை ரெண்டு வேளை, சாப்பாட்டோட. நல்லாயிட்ட மாதிரி தெரிஞ்சாலும் நிறுத்தாதீங்க. நான் பார்த்துட்டுச் சொல்றேன்."

எடை போட்டு அளவு எழுதிக் கொடுத்தார். எனக்கு மிகவும் பிடித்திருந்தது. எழுத்துப்பூர்வமான உத்தரவு.

பத்து நிமிடம் ஒரு நாயை நுரையோடு நிறுத்துவது உத்தரவில் எழுதுவதற்கு எளிது. நான் ஒரு கையில் கடிகாரமும் ஒரு கையில் கழுத்துப்பட்டையுமாக நின்றேன். மூன்றாம் நிமிடம் அது உடம்பை உதறியது. பாதி மருந்து எனக்குப் போய்ச் சேர்ந்தது.

"யாருக்குண்ணே வைத்தியம்?" என்றது மதில்.

ஆனாலும் பலித்தது. பத்து நாளில் வட்டங்கள் மறைந்தன, வாடை போனது. மாத்திரையையோ நாய் சோற்றை மட்டும் தின்றுவிட்டு அலசியதுபோல் தட்டில் வைத்துவிடும். பன்னிரண்டாம் நாள் நிறுத்திவிட்டேன். கோரிக்கை நிறைவேறிய மனுவை முடித்து வைப்பதுதானே முறை?

மூன்று வாரத்தில் மனு திரும்ப வந்தது, இந்த முறை அக்குளிலும் தொடையிலும். மனைவி அன்றே அண்ணனுக்கு போன் போட்டாள். பிறகு என்னோடு ஆட்டோவில் ஏறினாள்.

"மாத்திரை எத்தனை நாள் கொடுத்தீங்க?" என்றார் டாக்டரம்மா.

"கிட்டத்தட்ட முழுசும்."

"பன்னெண்டு நாளு" என்றாள் மனைவி.

எத்தனையோ பேரிடம் விளக்கம் கேட்டு ஓலை அனுப்பியிருக்கிறேன். விளக்கம் சொல்வது எவ்வளவு சிரமம் என்று அன்றுதான் தெரிந்தது.

டாக்டரம்மா நாயின் வால் பக்கம் சீப்பால் வாரினார். உதிர்ந்த கறுப்புத் துகளை ஈரப் பஞ்சில் வைத்தார். சிவப்பாகக் கசிந்தது.

"தெள்ளுப்பூச்சிக் கழிவு, அது குடிச்ச ரத்தம்தான் சிவப்பா வருது. கடிக்குது, இது சொறியுது, தோல் கிழியுது. தோல்மேல எப்பவும் இருக்கிற கிருமி உள்ள போயிடுது. பூச்சிக்கும் மருந்து போடணும், படுக்கிற சாக்கையும் மாத்தணும்."

வழக்கமாக இது மனிதருக்குத் தொற்றாது, கையைக் கழுவிக்கொண்டால் போதும் என்றும் சொன்னார். மனைவி அதை இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் மாத்திரை அட்டை என் கையிலிருந்து அவள் கைக்குப் போனது. தயிர்சாத உருண்டைக்குள் மாத்திரையை வைத்து, "ம்" என்று ஒரு அதட்டல். நாய் விழுங்கியது. எனக்கு அந்த 'ம்' நாற்பது வருடப் பழக்கம், நானும் விழுங்கியிருப்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மைத்துனர் குட்டியானை சரக்கு வண்டியோடு வந்து நின்றார். நான் நாயின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

"என்ன மாப்ள, ஏத்திருவமா?"

"இருண்ணே" என்று அடுப்படியிலிருந்து வந்தாள் மனைவி. "இன்னும் மாத்திரை பாக்கி இருக்கு. தோட்டத்துல யாரு நேரத்துக்குக் குடுப்பா?"

"நான் குடுக்குறேந்தாயி."

"நீயா? உன் சுகர் மாத்திரையையே ஒழுங்காப் போடமாட்ட."

"அப்ப அம்புட்டு தூரத்துலருந்து என்னைய எதுக்குத்தா வரச் சொன்ன?"

"சாப்பிட்டுட்டுப் போகத்தான். கையைக் கழுவு."

அவர் கழுவினார். நானும் எழுந்து போய்க் கழுவினேன், நாயைத் தொட்ட கை.

மகள் வந்த மறுவாரம் டாக்டரம்மா நாயைப் புரட்டிப் பார்த்து, தோல் சுத்தமாகி ஒரு வாரத்துக்கு மேலாகிவிட்டது, மாத்திரையை நிறுத்தலாம் என்றார்.

"எதுக்கும் இன்னும் ரெண்டு நாள் குடுக்கவா?" என்றாள் மனைவி.

"வேண்டாம்மா. உங்க வீட்டுல யாருமே சொன்னதைச் செய்ய மாட்டீங்களா?"

வெளியே ஆட்டோக்காரர் நாயைப் பார்த்துத் தயங்கினார். "சொறி கிறி இல்லையே?"

"என் வீட்டு நாய்க்கா?" என்று கேட்டுக்கொண்டே மனைவி அதை முதலில் ஏற்றி, பக்கத்தில் தானும் உட்கார்ந்தாள். எனக்கு டிரைவர் பக்கத்தில் இடம் கிடைத்தது.