தன்னைத் தேடித் தூங்குகிறவர்

மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் ஹாமண்ட், "உள்ளுக்குள்ள போயிட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு எழுதுபலகையில் கன்னத்தை வைத்துக் கண்ணை மூடிவிடுவார். உயில் எழுத வந்து கதவைத் தட்டுகிறவர்களிடம் அவர் மனைவி ஈடனி, "வேலையா இருக்காரு" என்பாள். குறட்டை வாசல்வரை கேட்கும். யாரும் மறுத்துப் பேசுவதில்லை. அவர் கனவுக் கவிஞர் என்பது இங்கிலாந்தின் லிங்கன் நகரத்தில் எல்லோருக்கும் தெரியும். விழித்த பிறகு, "நான் என்னைச் சந்திக்கிற நேரம் பாத்துத்தான் கதவைத் தட்டுவாங்க" என்று குறைபட்டுக்கொள்வார்.

பிழைப்புக்குப் பத்திரம் எழுதுகிறார். பத்திரம் எழுதும் ஆட்டுத்தோலில் மிஞ்சிய துண்டுகளில் கவிதை. பத்திரத்தில் ஒரு புள்ளி பிசகாது. கவிதையோ எப்போதும் ஒரே மாதிரிதான் தொடங்கும்: மே மாதக் காலை, மரத்தடி, ஓடைச் சத்தம், தூக்கம். உண்மையில் ஹாமண்ட் மரத்தடியில் படுத்ததே கிடையாது. எறும்பு அவருக்கு ஆகாது. கனவில் ஓடையின் மறுகரையில் ஒருவன் நிற்பான். அவனுக்கு ஹாமண்டின் முகமேதான், மூக்கு மட்டும் கொஞ்சம் எடுப்பாக இருக்கும். "உனக்குக் கொடுத்த நாட்களை என்ன செய்தாய்?" என்று கேட்பான். ஹாமண்ட் நாற்பது வரிக்கு அழுவார். சோம்பல், செருக்கு, நாக்கு ருசி என்று வரிசையாக ஒப்புக்கொள்வார். எல்லாம் கேட்பதற்கு அழகான பாவங்கள். பக்கத்து வீட்டு வேலியை இரண்டு முழம் தள்ளி நட்டது அந்தப் பட்டியலில் வராது.

அவருக்கு எழுதுதோல் பதப்படுத்திக் கொடுக்கிற வைமார்க்குக்கு வாய் கொஞ்சம் நீளம். "ஓய், மறுகரையில நிக்கிற ஆளு உம்ம சொந்தக்காரனா? வலிக்கிற மாதிரி ஒரு கேள்விகூடக் கேக்க மாட்டேங்கறானே" என்பான்.

"தன்னைத்தானே நேருக்கு நேர் பாக்கறது எவ்வளவு கஷ்டம்னு உனக்கு என்னய்யா தெரியும்" என்பார் ஹாமண்ட், விலாங்கு மீனை முள் பார்த்துத் தின்றபடி.

ஹாமண்டுக்கு ஓடோ என்றொரு தம்பி. கூடப் பிறந்த இரட்டை. அரை மணி நேரம் பிந்திப் பிறந்தவர். இருவருக்கும் ஒரே முகம். ஆறு வருடங்களுக்கு முன் ஓடோவுக்குத் தொழுநோய் வந்தது. தெற்கு வாசலுக்கு வெளியே இருக்கும் நோயாளர் இல்லத்துக்குப் போனார். நிதானமாக நடந்தாலும் அரை மணி தூரம்தான். வெள்ளிக்கிழமைதோறும் ஈடனி ரொட்டியும் பட்டாணிக் கூழும் கொண்டுபோய் வேலியருகே வைத்துவிட்டு, ஓடோவோடு நாலு வார்த்தை பேசிவிட்டு வருவாள். ஹாமண்டுக்கு முழங்கால் வலி. வெள்ளிக்கிழமை மட்டும் வரும்.

போன ஞாயிறு, பூசை முடிந்து வைமார்க் வீட்டு முற்றத்தில் புதுக் கவிதையைப் படித்தார். நானூறு வரி. இந்தத் தடவை மறுகரை ஆள் இரண்டு கைகளையும் நீட்டி அவரை அழைத்தான். கசாப்புக்காரர்கூட மூக்கைச் சிந்தினார்.

வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்ததும், "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார்.

"நல்லா இருந்துச்சுங்க. நாலு பேரு அழுதாங்க" என்றாள் ஈடனி. கூழை ஊற்றிவிட்டு, "முந்தாநாள் உங்க தம்பியும் அழுதாரு" என்றாள்.

கரண்டி பாதியில் நின்றது. "எதுக்கு?"

"வாளித் தண்ணியில மொகத்தைப் பாத்துட்டாராம். 'அண்ணி, என் பழைய மொகம் எப்படி இருந்துச்சுன்னே மறந்துபோச்சு. அண்ணனை ஒரே ஒரு தடவை வேலிக்கு அந்தாண்ட வந்து நிக்கச் சொல்லுங்க. பேசவெல்லாம் வேண்டாம். பாத்துக்கிட்டாப் போதும்'னாரு."

ஹாமண்டின் கண்கள் நிறைந்தன. நடிப்பில்லை, பதினெட்டு வருடமாக அந்த முகத்தோடு குடித்தனம் நடத்துகிற ஈடனிக்கு அது தெரியும். எழுந்து தொப்பியை எடுப்பார் என்று காத்திருந்தாள்.

"இன்னொரு தடவை சொல்லு" என்றார். "மெதுவா."

அவள் சொன்னாள். "என் பழைய மொகம்" என்று அவள் தொடங்கும்போதே, மேசை விளிம்பில் அவருடைய வலக்கை விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கி அசை எண்ண ஆரம்பித்திருந்தன.