முழங்கைக் காற்றில் பாடும் குழல்

சனிக்கிழமை காலை ஆறரை மணிக்கு ஓமலூரில் சங்ககிரி பஸ் ஏறினோம். என் மடியில் நீளப் பெட்டி. முன் இருக்கையில் எங்கள் பள்ளிக்கூடத்துப் பாட்டு டீச்சர் ஸ்டெல்லா.

“பொட்டிக்குள்ள என்னங்க?” என்றார் கண்டக்டர்.

“பைப்புங்க” என்றேன்.

“எத்தன இஞ்சு? போர்வெல் பைப்புன்னா மேல தூக்கிப் போடுங்க.”

“ஊதற பைப்புங்க!”

“மகுடியா? பாம்பு கீம்பு இல்லீங்களே?” பக்கத்தில் இருந்தவர் எழுந்து நின்றே வந்தார்.

பிள்ளைகளே, அது அயர்லாந்து நாட்டுக் குழல். வாயால் ஊதுவதில்லை. வலது முழங்கையால் துருத்தியை அமுக்கினால் காற்று இடது கக்கத்துத் தோல்பைக்குப் போகும், அங்கிருந்து குழல்களுக்கு. வாய் ஈரம் படாததால், ஓசை எழுப்பும் நாக்கான சீவாளி நனையாது. நாதஸ்வரத்துக்கு ஒத்து ஊதுவது போல, மூன்று சுருதிக் குழல்கள் ஒரே ஓசையில் நிற்கும். டீச்சரின் அப்பா ஓர் அயர்லாந்துப் பாதிரியாருக்குச் சமைத்தவர். ஊர் திரும்பும்போது பாதிரியார் இதை அவரிடம் கொடுத்துவிட்டுப் போனார். அப்போதே இது மிகப் பழையது. டீச்சர் இதன் குரலைக் கேட்டதே இல்லை.

அந்த நாட்டில் இவற்றைப் பழுதுபார்க்கும் ஒருவர், டீச்சர் கேட்டதற்குக் கடிதம் எழுதியிருந்தார். தோல்பையில் காற்று ஒழுகினால் மாற்றலாம். அது தேயும் பொருள். குழலின் மரம் விரிசல் விட்டிருந்தால் காற்றே விடக் கூடாது, பூட்டி வைக்க வேண்டியதுதான். இரண்டில் எது என்று தெரியத்தான் போனோம்.

சங்ககிரியில் பஸ் மாறி, எட்டேகாலுக்குத் திருச்செங்கோடு. ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகள் வரிசையாக நிற்கும் சாலையில் என் மச்சான் முருகேசன் லாரிகளுக்கு சீட் தைக்கும் கடை வைத்திருக்கிறான். துருத்தியை ஒரு அமுக்கு அமுக்கினான். பை புஸ்ஸென்று படுத்தது.

“ஏர் லீக்குங்க மச்சான்” என்றவன், கம்ப்ரஸர் ஹோசுக்குச் செய்கிற பழக்கத்தில் சோப்புத் தண்ணியும் பிரஷ்ஷுமாக வந்தான்.

டீச்சர் பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். “தண்ணி படவே கூடாதுங்க!”

“சோப்புப் போடாம லீக்கு பாக்கறதா? நல்ல கதையா இருக்குதே!”

கடிதத்தில் வழி இருந்தது. ஒவ்வொரு குழலாகக் கழற்றி, சீவாளியை எடுத்துவிட்டு, துளைகளை மூடி, ஒரு முனையில் உறிஞ்ச வேண்டும். உதட்டில் ஒட்டினால் விரிசல் இல்லை. டீச்சர் உறிஞ்சியதில் சுருதிக் குழல்கள் மூன்றும் ஒட்டின. பாட்டு வாசிக்கும், விரல் துளைகள் உள்ள குழல் ஒட்டவில்லை. இரண்டாம் முறையும் ஒட்டவில்லை. டீச்சர் அதைத் துணியில் சுற்றத் தொடங்கினார்.

“அதுக்குள்ள ஏனுங்க கட்டறீங்க? உங்க வெரலு முருங்கக்காயாட்டம் இருக்குது. சந்துல காத்து போவாதா?” என்றான் முருகேசன். ஊசி குத்திக் காய்த்துத் தடித்த தன் விரல்களால் துளைகளை அடைத்தான். டீச்சர் உறிஞ்சினார். ஒட்டியது. விடுவித்தபோது ‘டப்’ என்று சத்தம் கேட்டது.

அவன் புதுத்தோலில் இரட்டைத் தையல் போட்டு, மெழுகு தேய்த்து, பன்னிரண்டு மணிக்குள் பை தைத்துவிட்டான். பித்தளைப் பூணுக்கு பாலிஷ் எடுத்தவனை டீச்சர் தடுத்தார்: “அந்தக் கறுப்பு அதோட வயசுங்க, இருக்கட்டும்.” குப்பைக்குப் போக இருந்த பழைய பையையும் வாங்கிக்கொண்டார். ‘தோல்பை மட்டும் மாற்றியது, பழையது இதுவே’ என்று நான் தேதியோடு சீட்டு எழுதி அதில் கட்டினேன். பிள்ளைகளே, பழம்பொருளைக் காப்பது புதுசாக்குவதல்ல. எதை மாற்றினோம் என்று பின்னால் வருகிறவர்களிடம் ஒளிக்காமல் சொல்வது.

கடிதக்காரர் ஒரு சுருதிக் குழலுக்கு மட்டும் புதுச் சீவாளி அனுப்பியிருந்தார். டீச்சர் அதைச் செருகி, முழங்கையை அமுக்கினார். கனமான ஓசை ஒன்று எழுந்து, விடாமல் நின்றது. டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார்; கை மட்டும் நிற்கவில்லை.

எதிர்ப் பட்டறைக்காரர் தன் கம்ப்ரஸரை நிறுத்திவிட்டு ஓடி வந்தார். “ஏனுங்க, எங்கயோ காத்து போவுதே, எங்கீங்க லீக்கு?”

“எங்கயும் இல்லீங்க” என்றார் டீச்சர், அமுக்குவதை விடாமல்.