பூஜையில் வைத்த பதினோரு மட்டைகள்

அந்த ஆயுத பூஜை அன்று எங்கள் வீட்டில் இருந்தவர்கள்: அப்பா, அம்மா, சித்தப்பா, புடவை டிசைனுக்காகத் தறிக்கு அட்டை குத்தித் தரும் பாய், நான். தூளியில் தூங்கிக்கொண்டிருந்த தம்பியையும் சேர்த்தால் ஆறு பேர். இரண்டு முறை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். யாரையாவது விட்டுவிட்டேனோ என்று தோன்றிவிட்டால் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்காது.

சித்தப்பா, அப்பாவின் ஒரே தம்பி. பதினைந்து வயதில் தறியை விட்டு எழுந்து மெட்ராஸுக்கு ஓடிப்போனவர். கிண்டிப் பக்கம் ஒரு கோல்ஃப் மைதானத்தில் கம்பெனி அதிகாரிகளுக்கு மட்டைப் பை தூக்கினார். தூக்கிக்கொண்டே ஆட்டத்தைக் கற்றுக்கொண்டு, அவர்களைவிட நன்றாக ஆடி, பரிசுப் பணத்துக்கு ஆடும் ஆட்டக்காரர் என்று பெயர் பதிந்துகொண்டார். அந்தக் காலத்தில் அப்படி ஆடியவர்களில் பாதிப் பேர் பை தூக்கிப் பிழைத்தவர்கள்தானாம். மழை ஓய்ந்ததும் அவர்களுக்கு சீசன் தொடங்கும். டெல்லி, கல்கத்தா, பம்பாய், பெங்களூர் என்று ஊர் ஊராகப் போட்டி. மூன்றாம் வகுப்பில் பயணம், பை தூக்குகிறவர்களின் கொட்டகையில் தூக்கம். டெல்லியில் கிடைக்கிற பரிசில் கல்கத்தாவுக்கு டிக்கெட். கல்கத்தாவில் கிடைப்பதில் பம்பாய்க்கு. முதல் ஊர் தவறினால் அடுத்தடுத்த ஊர்களும் தடுமாறும்.

அப்பாவுக்கு இது தொழிலாகவே படவில்லை. "குச்சிய வச்சிக்கினு பந்தத் தட்டிக்கினு திரியறான், வெளையாட்டுப் பையன்" என்பார், கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும். கரையைத் தனி நூலில் கோர்த்து நெய்யும் கோர்வைப் புடவைக்கு, கரை நூல் ஓட்டும் மர நாடாவைப் போட இடப்பக்கம் ஓர் ஆள் உட்கார வேண்டும். சித்தப்பா எழுந்துபோன அந்த இடத்தில் யார் யாரோ உட்கார்ந்து பார்த்து, கடைசியில் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நிறுத்திக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன்.

பூஜைக்கு முதல் நாள் சித்தப்பா வந்தார். மறுநாள் மூன்று மணி பஸ்ஸைப் பிடித்தால்தான் ராத்திரி டெல்லி ரயில். அதை விட்டால் போட்டிக்குப் பெயர் கொடுக்கும் நாள் முடிந்துவிடும் என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. ரயில் கவிழ்ந்துவிட்டால்? அந்த ஊர்க் குளிரில் காய்ச்சல் வந்துவிட்டால்? பாஷை தெரியாத இடத்தில் யார் கஞ்சி வைத்துத் தருவார்கள்?

காலையில் அம்மா தறிச் சாமான்களைத் துடைத்து சாமி முன்னால் வைக்கச் சொன்னாள். நாடா, நூல் சுற்றும் தார்க்குச்சி, கத்தரிக்கோல் எல்லாம் வைத்தேன். மூலையில் சித்தப்பாவின் பை சாய்ந்திருந்தது. அவர் கடைத்தெருவுக்குப் போயிருந்தார். ஒரு பொட்டு வைத்துவிட்டால் ரயில் கவிழாது என்று எனக்குத் தோன்றியது. பதினோரு மட்டைகளையும் எடுத்துத் துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்து, நாடாக்களுக்குப் பக்கத்தில் அடுக்கினேன். இரும்பு மட்டைகளின் முகத்தில் சீப்புப் பல் மாதிரி கோடுகள் இருந்தன. சந்தனம் அதற்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அப்பா கற்பூரம் காட்டும்போது கண்ணை மூடிக்கொள்கிறவர். அவர் கவனிக்கவில்லை.

பூஜையில் வைத்த சாமானை மறுநாள் காலைப் பூஜை முடியும்வரை தொடக் கூடாது. ஒரு ஊசியைக்கூட. அது எனக்குத் தெரியாதா? தெரியும். மூன்று மணி பஸ்ஸும் தெரியும். இரண்டையும் சேர்த்து நினைக்கத்தான் தோன்றவில்லை.

கிளம்பும் நேரத்தில் பையைத் தூக்கிய சித்தப்பா, அது லேசாக வந்ததும் என்னைப் பார்த்தார். நான் சாமி மாடத்தைக் காட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே குனிந்து ஒரு மட்டையில் கை வைக்கப் போனார்.

"தொடாத" என்றார் அப்பா.

"அண்ணே, மூணு மணி பஸ்ஸு."

"படைச்சதுபா. நாளைக்குக் காத்தால எடுத்துக்க."

"நாளைக்கு எடுத்து இன்னா பண்றது? பேரு குடுக்கறதே முடிஞ்சிடும். டெல்லி போச்சின்னா இந்த சீசனே எனக்கு ஆட்டங்கண்டுடும்ணே."

அம்மா தூளியை ஆட்டிக்கொண்டே, "கொயந்த தெரியாம வச்சிட்டா. சாமி ஒண்ணும் கோச்சிக்காது, எடுக்க வுடுங்க" என்றாள்.

பாய் பொரி தின்றுகொண்டிருந்தார். வருடா வருடம் எங்கள் வீட்டுப் பொரிக்கு அவர் வந்துவிடுவார். "நீ இன்னாபா" என்றார் அப்பாவிடம். "வருசம் பூரா வெளையாட்டுப் பையன், வெளையாட்டுப் பையன்னு அவன வையற. வெளையாட்டு சாமானுக்கு ஏதுபா பூஜை? தூளில கீறானே, அவன் கிலுகிலுப்பைய எடுத்தா வேணான்னுவியா? எடுத்துக்கினு போவட்டும், வுடு."

அம்மா சிரித்துவிட்டாள். சித்தப்பா அதைப் பிடித்துக்கொண்டார். "பாய் சொல்றது சரிதானேண்ணே. வெளையாட்டு சாமான்னு நீ ஒரு வார்த்த சொல்லு. எடுத்துக்கினு ஓடிர்றேன்."

ஒரு வார்த்தைதான். அப்பா தினமும் சொல்லும் வார்த்தை. சொல்லிவிடுவார் என்று நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் மட்டைகளைப் பார்த்தார். கைப்பிடித் தோல் கட்டைவிரல் படும் இடத்தில் மட்டும் தேய்ந்து வழவழவென்றிருந்தது. பக்கத்திலிருந்த நாடாவும் அப்படித்தான் தேய்ந்திருந்தது. வெகுநேரம் பார்த்தார்.

"வெளையாட்டு சாமான் இல்லடா அது" என்றார். "தொழில் சாமான். நாளைக்குத்தான் எடுக்கணும்."

சித்தப்பா கத்துவார் என்று நான் காதைப் பொத்திக்கொண்டேன். அவர் அப்பாவையே பார்த்தபடி பையைக் கீழே வைத்தார். பாய் பக்கத்தில் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"அண்ணி, எனக்கும் கொஞ்சம் பொரி குடுங்க."

மூன்று மணி ஆயிற்று. நான்கும் ஆயிற்று. நான் தறிக்குப் பின்னால் போய் அழுதேன்.

மறுநாள் விடிவதற்குள் அப்பா பூஜையை முடித்தார். ஓர் ஊசியை எடுத்துக்கொண்டு, மட்டைகளின் கோடுகளுக்குள் காய்ந்துபோன சந்தனத்தை ஒவ்வொன்றாகச் சுரண்டினார். அவசரமே படவில்லை. பிறகு பையை அவரே தோளில் போட்டுக்கொண்டு பஸ் நிலையத்துக்கு நடந்தார். சித்தப்பா வெறுங்கையோடு பின்னால் போனார். கண்டக்டர் பையை மேலே ஏற்றப் பார்த்தபோது, "மேல போடாதபா, உள்ள வச்சிக்கட்டும்" என்றார் அப்பா.

டெல்லிக்கு வைத்திருந்த காசில் சித்தப்பா நேராகக் கல்கத்தா போனார். அங்கே பரிசு கிடைக்கவில்லை. பம்பாய் டிக்கெட்டுக்காக மறுபடி மூன்று வாரம் பை தூக்கியதாகக் கார்டு வந்தது. பம்பாயில் காய்ச்சல் என்று இன்னொரு கார்டு. கார்டு வந்தால் அப்பா தறியை நிறுத்திவிட்டு என்னைப் படிக்கச் சொல்வார். இரண்டாம் முறையும் படிக்கச் சொல்வார். ஒவ்வொரு வரியும் நான் செய்ததாகவே எனக்குப் பட்டது. பெங்களூரில் மட்டும் நான்காவதாக வந்திருந்தார்.

பங்குனியில் வீட்டுக்கு வந்தபோது கறுத்து, பாதி ஆளாக இருந்தார். அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் நான் போய் நின்றேன். ஐந்து மாதமாக மனசுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்ததைச் சொன்னேன். "என்னாலதான் சித்தப்பா. நான் பொட்டு வச்சதாலதான் உனுக்கு எல்லாம் போச்சு."

"எது போச்சு?" என்றார். "உங்கப்பா என் பையத் தோள்ல தூக்கிக்கினு வந்தாரே. எனக்கு இந்த வருசம் மாதிரி ஒரு வருசம் வந்ததே இல்லடிமா."

என்னைச் சமாதானப்படுத்தத்தான் சொல்கிறார் என்று நினைத்து, நான் இன்னும் கொஞ்சம் அழுதேன்.