கியர் பிடித்த கையின் சூடு

முதலில் தெரிந்தது கைச்சூடுதான். விடியும் முன்னே கம்பத்திலிருந்து மலையேறி, ஏலத்தோட்டத்துக்குக் கூலிப்பெண்களைக் கொண்டுபோகும் ஜீப்பை என் வீட்டுக்காரர் ஓட்டினார். நானும் கூலிக்காரிதான், முன்சீட்டில் அவர் பக்கத்தில் இருப்பேன். வளைவுகள் தொடங்கும் இடத்தில் கியர் மாற்றும்போது அவர் கை என் முழங்காலில் படும். வெளியே பல் கிட்டும் குளிர். கை மட்டும் வெதுவெதுவென்றிருக்கும். கூடவே கொட்டாவி.

“அண்ணனுக்கு உள்காய்ச்சல். அதெல்லாம் தெர்மாமீட்டர்ல காட்டாது,” என்றாள் பின்சீட்டுச் செல்வி. எங்கள் பக்கத்தில் உள்காய்ச்சல் என்று ஒருத்தி சொல்லிவிட்டால் யார் மறுத்துப் பேசுவார்கள்? தூக்குவாளிப் பையில் சளிமாத்திரை இல்லாமல் மலையேறும் பெண்ணும் கிடையாது. செல்வி தினமும் ஒன்றைப் பிரித்து அவர் கையில் கொடுப்பாள். கூடப்பிறந்தவள்கூட அப்படிப் பார்க்க மாட்டாள்.

இரவில் அவர் மதுரைக்குத் திராட்சை லோடு ஓட்டினார். திரும்பியதும் ஜீப். பகலில் தகரக்கூரைக்குக் கீழே புரண்டுகொண்டே கிடப்பார். “ஒடம்பு கொதிக்குது புள்ள, கண்ணே மூட முடியல,” என்பார். அப்போ காய்ச்சல்தான் என்று நானும் நம்பினேன்.

ஒருநாள் வளைவில் ஜீப் திரும்பவில்லை. நேராகப் போய்த் தடுப்புச்சுவரில் மோதி நின்றது. அவர் நெற்றியில் தையல். செல்விக்குக் காறை எலும்பு (கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் இருப்பது) முறிந்தது.

தேனி ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா எல்லாவற்றையும் கேட்டார். “இது காய்ச்சல் இல்லம்மா, தூக்கம்,” என்றார். உடல் கடிகாரம் (சூடும் தூக்கமும் எப்போது ஏறி இறங்கணும் என்று உடம்பு வைத்திருக்கும் கணக்கு) குலைந்துபோயிருக்கிறதாம். விடியற்காலையில் உள்சூடு அடிமட்டத்துக்கு இறங்குமாம். அந்தச் சூடு கைகால் வழியாகத்தான் வெளியேறும். அப்போது தூக்கம் அமுக்கும். பகலில் உள்சூடு ஏறுவதால் படுத்தாலும் வராது.

“சளிமாத்திரை வேற போட்டாரா? அது தூக்கத்த இன்னும் கூட்டுமே!”

ஆமாம் என்று தலையாட்டினேன். செல்வியிடம் அதை இன்றுவரை சொல்லவில்லை. கையை நீட்டிக் காய் பறிக்க முடியாமல் வீட்டில் கிடக்கிறவளிடம் அதையும் எப்படிச் சொல்வது?

லோடும் போச்சு, மலையும் போச்சு. தினமும் ஒரே நேரத்தில் படுக்கணும், காலை வெயிலில் நிற்கணும் என்றார்கள். மாதக்கணக்கில் ஆனது அவர் ஒழுங்காகத் தூங்க. இப்போது திராட்சைத் தோட்டத்தில் பகல் வேலை. ஜீப் சத்தம் கேட்டால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

உங்கள் வீட்டிலும் இப்படி யாராவது வண்டி ஓட்டினால், கைச்சூட்டை மட்டும் நம்பாதீர்கள் என்று டாக்டரம்மா சொன்னதைச் சொல்கிறேன். கொட்டாவி வந்தால் வண்டியை ஓரங்கட்டச் சொல்லுங்கள்.

நான் இப்போது வேறொருவர் ஜீப்பில் போகிறேன். ஏறியதும் டிரைவரிடம், “தம்பி, கையக் குடுங்க,” என்பேன். முதல் வாரம், “என்ன மதினி, ஜோசியமா?” என்று பின்னாலிருந்து சிரித்தார்கள். இப்போது யாரும் சிரிப்பதில்லை, “எப்படி இருக்கு?” என்று கேட்கிறார்கள்.

ராத்திரி படுத்ததும் இவர் என் கையைப் பிடித்துக்கொள்வார். கொஞ்ச நேரத்தில் அந்தக் கை சூடேறும். அவர் நிம்மதியாகத் தூங்குகிறார் என்று அர்த்தம். தெரிந்தும், நான் அவரை உலுக்கி எழுப்பிவிடுகிறேன்.